முதலில் மூடியதுதான் மிச்சம்: அண்ணா சாலை தியேட்டர்களின் பிற்காலம்

சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தை ஒட்டி, தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு இயங்குகிறது. புதிய தபால்தலை, முதல் நாள் உறை, சேகரிப்பாளர் கணக்கு எல்லாம் அங்கேதான். அந்தப் பழைய கட்டடம் அஞ்சல் துறைக்காகக் கட்டப்பட்டதில்லை. 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் சினிமா காட்டுவதற்காகவே கட்டியது அது. பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர். அதுவரை மதராஸில் கூடாரத்திலும் வாடகை மண்டபத்திலும் ஓடிக்கொண்டிருந்த மௌனப் படத்துக்குச் சொந்தமாக அமைந்த முதல் கட்டடங்களில் ஒன்று. போட்டிக்கு வேறு கொட்டகைகள் வந்தன, தொழில் நிற்கவில்லை. 1915-லேயே மூடியாயிற்று. இடத்தை அஞ்சல் துறை வாங்கிக்கொண்டது.

ஆக, சினிமாக் கொட்டகையாக அது இருந்தது இரண்டு ஆண்டு. அரசு அலுவலகமாக நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. அதே சாலையில் அதற்குப் பின்னால் வந்து, தலைமுறை தலைமுறையாக ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய தியேட்டர்கள் பலவற்றுக்கு இன்று ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

தியேட்டர்கள் ஏன் மூடின என்று கேட்டால் எல்லோரும் பதில் வைத்திருக்கிறார்கள்: டிவி வந்தது, திருட்டு விசிடி வந்தது, மால் வந்தது, இப்போது ஓடிடி. சரி, தொழில் ஏன் நொடித்தது என்பதற்கு அது பதில். கட்டடம் ஏன் போனது என்பது வேறு கேள்வி. தொழில் நின்ற பிறகும் நிற்கிற கட்டடங்கள் எத்தனையோ உண்டு. ஊரில் மூடிய ரைஸ் மில் இருபது வருஷம் நெல் குடோனாக ஓடும். ஜமீன் வீடு பள்ளிக்கூடமாகும். தியேட்டருக்கு மட்டும் அந்த இரண்டாம் வாழ்க்கை ஏன் அமைவதில்லை? அண்ணா சாலையை வைத்துப் பார்த்தால் பதில் ஓரளவு பிடிபடுகிறது. அங்கே நூறு ஆண்டுக் கதை இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கிடக்கிறது.

கட்டடமே எதிரி

முதலில் தியேட்டர் என்ற கட்டடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் தியேட்டர் காலத்துக் கொட்டகை என்பது அடிப்படையில் நீளமான ஒரு ஹால். ஒரு முனையில் திரை, மறு முனையில் மெஷின், நடுவே நாற்காலியும் பெஞ்சும். ஒலி கிடையாது, எதிரொலியைப் பற்றிக் கவலை கிடையாது. நாற்காலியை எடுத்துவிட்டு மேஜையைப் போட்டால் ஆபீஸ். அஞ்சல் துறை செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

பிறகு வந்தவை அப்படியல்ல. சினிமா வளர வளர கட்டடமும் அந்த ஒரே வேலைக்கென்று இறுகிக்கொண்டே போனது. அக்காலத்துப் பட ரீல் நைட்ரேட் வகை, பட்டென்று தீப்பிடித்துக்கொள்ளும். 1918-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம், தணிக்கையோடு சேர்த்துத் தீப் பாதுகாப்பையும் உள்ளே கொண்டுவந்தது. அப்புறம் ஆபரேட்டர் கேபின் என்பது தனிப் பெட்டியாயிற்று. தீக்குத் தாங்கும் சுவர், வெளிச்சம் போகிற சின்னத் துவாரங்கள், அவற்றின் மேல் ஆபத்து வந்தால் சட்டென்று விழுந்து மூடிக்கொள்ளும் இரும்புத் தகடு, மெஷினுக்கு வெளிச்சம் தரக் கார்பன் குச்சி எரிகிற புகை போக மேலே ஒரு குழாய். 1931-ல் தமிழ் பேசும் படம் வந்தபோது எதிரொலியை அடக்கச் சுவருக்கு அட்டை வேண்டியிருந்தது. வெளிச்சமும் தெருச் சத்தமும் வராமலிருக்க ஜன்னலே இல்லாமல் போனது. முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்கத் தரை சரிந்தது. கூட்டம் பெருத்ததும் தூண் இல்லாமல் தொங்கும் பால்கனி வந்தது.

டிக்கெட் கவுண்டரை மறந்துவிடக் கூடாது. பழைய தியேட்டர் எதிலும், குறைந்த விலை டிக்கெட்டுக்கு என்று ஒரு சந்து இருக்கும். இரு பக்கமும் ஆளுயரச் சுவர், தலைக்கு மேலே கம்பி வலை, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நுழைய முடிகிற அகலம். வரிசையை மீறி யாரும் உள்ளே குதிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கடைசியில் சுவரில் கை மட்டும் நுழைகிற ஓட்டை. அதில் காசை நீட்டினால் டிக்கெட் வரும். முதல் நாள் முதல் காட்சிக்கு அந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டு சட்டைப் பொத்தான் போகாதவர் குறைவு. இந்தச் சந்து வேறு எந்தத் தொழிலுக்கும் பயன்படாது. பீடிக்கடைகூட வைக்க முடியாது.

ஜன்னல் இல்லை, தரை சமமில்லை, உள்ளே மூன்று மாடி உயரத்துக்கு வெற்றிடம், ஆனால் மாடி என்று ஒன்றுமில்லை. வாங்குகிறவர் பார்வையில் அது கட்டடம் அல்ல, இடிப்புச் செலவு.

கெயிட்டியும் ரகுபதி வெங்கையாவும்

எலெக்ட்ரிக் தியேட்டருக்குக் கூப்பிடு தூரத்தில், கூவம் ஓரம், கெயிட்டி தியேட்டர் இருந்தது. 1914 வாக்கில் கட்டியவர் ரகுபதி வெங்கையா நாயுடு. மசூலிப்பட்டினத்துக்காரர். மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். படத்தோடு கிராமபோன் இசைத்தட்டை இணைத்து ஓட்டுகிற குரோனோமெகாபோன் என்ற கருவி வந்தபோது, ஸ்டூடியோவை அடகு வைத்து அதை வாங்கினார். இலங்கை, பர்மா வரை கொண்டுபோய்க் காட்டினார். அந்த வருமானத்தில் வந்ததுதான் கெயிட்டி. மதராஸில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் சினிமாத் தியேட்டர் என்று சினிமா வரலாற்றுக்காரர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அப்புறம் தங்கசாலைத் தெருவில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப் என்று இன்னும் இரண்டு. மகன் பிரகாஷைச் சினிமா படிக்க வெளிநாடு அனுப்பி, மதராஸில் பட நிறுவனமும் தொடங்கினார். அதில் கை சுட்டுக்கொண்டார். தியேட்டர்கள் கைமாறின. 1941-ல் இறந்தார்.

தெலுங்குத் திரையுலகம் அவரைத் தன் பிதாமகராகக் கொண்டாடுகிறது. வாழ்நாள் சாதனைக்காக ஆந்திர அரசு கொடுத்துவந்த விருது அவர் பெயரில்தான். அவர் செங்கல் வைத்துக் கட்டிய மூன்று தியேட்டர்களும் இருந்த சென்னையில் மூன்றும் இன்று இல்லை. குளோப் பின்னாளில் ராக்ஸி ஆனது, ராக்ஸி இருந்த இடத்தில் இப்போது சரவணா ஸ்டோர்ஸ். கெயிட்டி எல்லாவற்றையும்விட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. கடைசி வருஷங்களில் அது ஓட்டிய படங்கள் எப்படிப்பட்டவை என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். போஸ்டரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நடப்பார்கள். 2000-களின் நடுவில் மூடி, இடித்து, வணிகக் கட்டடமாயிற்று.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டியது. கெயிட்டி தொண்ணூறு ஆண்டு தியேட்டராகவே இருந்ததால்தான் இடிபட்டது என்று எனக்குப் படுகிறது. எலெக்ட்ரிக் மூடியபோது மவுண்ட் ரோட்டில் மனை விலை பெரிய விஷயமில்லை. இருக்கிற ஹாலைப் பயன்படுத்துவதுதான் மலிவு. கெயிட்டி மூடியபோது மனைதான் எல்லாமே, மேலே நின்ற கட்டடத்துக்கு மதிப்பு பூஜ்யம். போதாததற்கு, வாங்குகிற எவருக்கும் அதன் கடைசிக் காலப் பெயர் ஒட்டக் கூடாது. நல்ல பெயரோடு மூடியிருந்தால் நாலு பேர் குரல் கொடுத்திருப்பார்கள். கெயிட்டிக்கு அதுவும் இல்லை.

பெயர் மட்டும்

சாலையின் மற்ற தியேட்டர்களை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கதை திரும்பத் திரும்ப ஒன்றே. நியூ எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா காம்ப்ளெக்ஸ். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா. குறைந்தபட்சம் பெயராவது மிஞ்சியது. ஆனந்த் போயிற்று, அலங்கார் போயிற்று. சாந்தி தியேட்டரை 1961-ல் காமராஜர் திறந்துவைத்தார். பிறகு சிவாஜி கணேசன் குடும்பத்துக்கு வந்தது. 2016 மே மாதம் மூடி, இடித்து, அடுக்குமாடி வணிகக் கட்டடமாக எழும்பியது. சிவாஜி ரசிகர்களுக்கு அது தியேட்டர் அல்ல, தலைமைச் செயலகம். படம் வெளியாகிற அன்று சாலையில் போக்குவரத்து நின்ற காலமெல்லாம் உண்டு. அத்தனை பாசத்தாலும் அந்த மனையின் கணக்கை மாற்ற முடியவில்லை.

சஃபையரைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1964-ல் வந்தது. ஒரே கட்டடத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள். இன்று மல்டிபிளெக்ஸ் என்கிறோமே, அது இந்தியாவில் சஃபையரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பார்கள். பெரிய திரையில் 70 எம்எம் படம் பார்க்கச் சென்னையே அங்கு போனது. புளூ டைமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம், பாதியிலிருந்து பார்க்கலாம், படம் சுற்றி வந்து நீங்கள் நுழைந்த இடத்தைத் தொட்டதும் எழுந்து போகலாம், போகாமலும் இருக்கலாம். சித்திரை வெயிலில் ஏசிக்காகவே உள்ளே போய்த் தூங்கியவர்கள், வேலை தேடி அலைந்து களைத்தவர்கள், கல்லூரிக்கு மட்டம் போட்ட ஜோடிகள் எல்லோருக்கும் அது புகலிடம்.

அந்தச் சஃபையர் 1990-களில் மூடியது. இடித்தார்கள். இடித்த பிறகு அங்கே பல ஆண்டுகள் எதுவும் எழும்பவில்லை. நகரின் விலை உயர்ந்த மனைகளில் ஒன்று, சுற்றுச்சுவரும் உள்ளே புதருமாகக் கிடந்தது. இதை நான் பெரிதாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டடத்தை இடிப்பதற்கு எப்போதும் சொல்லும் நியாயம், 'அங்கே புதிதாக ஒன்று வரவேண்டாமா' என்பது. சஃபையரில் புதிதாக எதுவும் வருமுன்பே பழையது போய்விட்டது. இடிக்காமல் விட்டிருந்தால் அத்தனை ஆண்டும் அது நின்றிருக்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் காலிக் கட்டடத்துக்குக் காவல் வேண்டும், வரி கட்ட வேண்டும், உள்ளே யாராவது புகுந்து ஏதாவது ஆனால் வழக்கு. காலி மனைக்கு ஒரு பூட்டு போதும். உரிமையாளர்கள் அவசரமாக இடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மனைக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, பத்து கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி. அதில் ஒரு தியேட்டர். முன்னால் வண்டி நிறுத்த இடம், சுற்றிலும் தீயணைப்பு வண்டி வர வழி, நடுவே அரங்கம். தியேட்டருக்குள் வெற்றிடம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கணக்கில் அது ஒரு தளம், பால்கனியைச் சேர்த்தால் ஒன்றரை. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கே மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். அதே மனையில் 48,000 சதுர அடி. பல மாடிக் கட்டடம் என்றால் 3.25 மடங்கு. ஒருபக்கம் ஒரு நாளைக்கு நான்கு காட்சி, அதில் மூன்று காலி, டிக்கெட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை. இன்னொரு பக்கம் சதுர அடிக்கு மாத வாடகை. இந்தக் கணக்கைப் போடத் தெரியாத உரிமையாளர் கிடையாது.

மதுரை தங்கம் தியேட்டரின் கதையும் இதுவே, அளவு மட்டும் பெரிது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கை. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள். அத்தனை இருக்கை நிரம்பினால் கோட்டை, நிரம்பாவிட்டால் அதுவே பாரம். ஐம்பது பேருக்குப் படம் ஓட்டினாலும் மெஷினுக்கு அதே கரண்ட், அதே ஆள், அதே துப்புரவு. 1990-களில் மூடி, வெகுநாள் சும்மா நின்று, கடைசியில் இடிபட்டது. இன்று அங்கே ஜவுளிக்கடல். தமிழ்நாட்டில் பெரிய தியேட்டர் மனைகளைத் தேடிவந்து வாங்கியவர்களில் ஜவுளிக்காரர்களும் நகைக்காரர்களும் முன்னால் நிற்பதில் வியப்பில்லை. பஸ் ஸ்டாண்டுக்கோ ரயிலடிக்கோ பக்கம், எல்லோருக்கும் தெரிந்த முகவரி, முன்னால் அகலமான வாசல். தியேட்டருக்கு எதெல்லாம் பலமோ அதெல்லாம் பட்டுப்புடவைக் கடைக்கும் பலம். வழி கேட்டால் ‘பழைய தங்கம் தியேட்டர்’ என்றே சொல்லலாம், விளம்பரம் இலவசம்.

பிறகு லைசென்ஸ். தியேட்டரில் படம் காட்ட வேண்டுமானால், 1955-ன் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிற சி ஃபார்ம் உரிமம் வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர் தருவது. அதை ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால், மறுபடி திறக்க வேண்டும் என்று ஆசை வந்தாலும் இன்றைய விதிப்படி வாசல், படிக்கட்டு, வயரிங், தீயணைப்பு எல்லாம் காட்ட வேண்டும். பழைய கட்டடத்தில் அதற்கு ஆகும் செலவைக் கேட்டவுடன் ஆசை தணிந்துவிடும். 2005-க்குப் பிறகு டிஜிட்டல் புரொஜெக்ஷன் பரவியபோது, அதற்குப் பணம் போடுவதா, இதோடு விடுவதா என்ற கேள்வி சின்ன ஊர்த் தியேட்டர்கள் பலவற்றின் முன் ஒரே சமயத்தில் வந்து நின்றது. விட்டவர்கள் நிறைய. வெஸ்ட்ரெக்ஸ், போட்டோபோன் என்று பெயர் பொறித்த இரட்டை மெஷின்கள் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போன காலம் அது.

எல்லா மூடிய தியேட்டரும் உடனே இடிபடுவதில்லை. சில ஊர்களில் பதினைந்து, இருபது வருஷமாகக் கதவு பூட்டி, அரசமரம் முளைத்து நிற்கும். யாரோ பாதுகாக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அநேகமாகப் பங்காளித் தகராறு. தாத்தா கட்டியது, மூன்று மகன்கள், ஒன்பது பேரப்பிள்ளைகள், அதில் நால்வர் வெளிநாட்டில். இல்லையென்றால் மனை ஒருவருக்கு, கட்டடம் குத்தகைக்காரருக்கு. மனை கோயிலுக்குச் சொந்தம் என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் பழைய தியேட்டர்களைக் காப்பாற்றியதில் தொல்லியல் துறையைவிட சிவில் கோர்ட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். புராதனக் கட்டடங்களுக்கென்று மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது.

மறுவாழ்வு கிடைத்தவை

இடிக்காமல் மாற்றியதும் உண்டு. நம் ஊரில் அதிகம் வெற்றி பெற்ற மாற்றம் கல்யாண மண்டபம். நடிகர் நாகேஷ் தி. நகரில் கட்டிய நாகேஷ் தியேட்டர் கல்யாண மண்டபமாயிற்று. கோடம்பாக்கம் ராம் தியேட்டரும் அப்படியே. யோசித்தால் பொருத்தம் புரியும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் போகிற இடம். வண்டி நிறுத்த இடம் ஏற்கெனவே உண்டு. திரை இருந்த மேடையில் மணமேடை. சரிந்த தரைக்கு மண் கொட்டி நிரவிவிட்டால் ஹால் தயார். ஜன்னல் இல்லாதது குறையே அல்ல, எப்படியும் சீரியல் பல்பும் ஏசியும்தானே. பந்தி நடக்க மட்டும் பக்கத்தில் ஒரு ஷெட் போட வேண்டும்.

அடுத்தது குடோன். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் நூலும் துணியும் அடுக்க ஜன்னலில்லாத பெரிய ஹால் என்றால் சும்மா விடமாட்டார்கள். ஆனால் குடோனாக மாறிய தியேட்டருக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை, ஓடு மாற்றுவதில்லை. அது மறுவாழ்வு அல்ல, தவணைதான். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914 வாக்கில் கட்டிய வெரைட்டி ஹால் இன்னொரு சோகம். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து மெஷினையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டி, கடைசியில் கோவையில் நிலைகொண்டவர். தென்னிந்தியச் சினிமாவின் தொடக்கத்தைப் பேசுகிறவர் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆகி, மூடி, கொரோனாவுக்குப் பிறகான ஆண்டுகளில் இடிபட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்ற தெருப் பெயர் இருக்கிறது. அந்த ஹால் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக் கதைகளையும் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இன்னொரு தொழில் சரியான நேரத்தில் வந்து கதவைத் தட்டினால்தான் தியேட்டர் பிழைக்கிறது. இங்கிலாந்தில் 1960-ன் பந்தயச் சட்டம் பிங்கோ என்ற எண் சூதாட்டத்துக்கு வழிவிட்டது. டிவியால் காலியான பெரிய சினிமா அரங்குகள் வரிசையாகப் பிங்கோ கிளப்புகளாயின. லண்டன் டூட்டிங்கில் 1931-ல் திறந்த கிரனடா, உள்ளே தேவாலயம் மாதிரி வளைவுகளும் தூண்களுமாக இழைத்தது. 1976-ல் பிங்கோவுக்கு மாறியது. 2000-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. சூதாட்டம் காப்பாற்றியதை அரசு பிறகு வந்து பத்திரப்படுத்தியது. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் 1919-ல் நாடக அரங்காகத் தொடங்கி சினிமாவாக ஓடிய கிராண்ட் ஸ்பிளெண்டிட், 2000-லிருந்து புத்தகக் கடை. பால்கனி பால்கனியாக அலமாரி, மேடையில் காபி கடை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அமெரிக்காவின் டெட்ராய்ட். அங்கே மிச்சிகன் தியேட்டர் 1926-ல் வந்தது, நாலாயிரத்துக்கு மேல் இருக்கை. 1976-ல் மூடினார்கள். இடிக்கலாம் என்றால் ஒட்டி நின்ற அலுவலகக் கட்டடம் சேர்ந்து ஆட்டம் காணும். அதனால் உள்ளே இருக்கைகளைப் பெயர்த்துவிட்டு மூன்று அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். இன்றும் சிதைந்த பூவேலைக் கூரைக்குக் கீழே கார்கள் நிற்கின்றன. ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரைச் செய்த பட்டறை இருந்ததும் அதே இடத்தில்தான். ஆசையாலோ கலை உணர்வாலோ அல்ல, பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரத்தால் தப்பித்த தியேட்டர் அது.

சட்டம் போட்டுக் காக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை உதாரணம். அங்கே பழைய தியேட்டரை இடித்துக் கட்டினால் புதுக் கட்டடத்துக்குள்ளும் குறிப்பிட்ட அளவு இருக்கையோடு ஒரு தியேட்டர் இருந்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் விதி காப்பது தொழிலை, கட்டடத்தை அல்ல. ஓடாத தொழிலை மறுபடி கட்ட விருப்பமில்லாத உரிமையாளர்கள் பூட்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

தன்னைத் தானே இடித்துக்கொண்டவை

அண்ணா சாலையும் சுற்றுப்புறமும் முழுக்க மயானம் அல்ல. கெயிட்டிக்குப் பக்கத்திலேயே, 1940-களில் வந்த கேசினோ இருக்கிறது. 1970-ல் வந்த தேவி வளாகம் இருக்கிறது. தேவி பாரடைஸுக்கு ஏறப் படிக்கட்டு கிடையாது, சுற்றிச் சுற்றி மெல்ல உயரும் சாய்தளம். நடந்து ஏறி முடிக்கும்போது பாதிப் படம் பார்த்த களைப்பு என்று கேலி செய்வார்கள், இன்றைக்குச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. சற்றுத் தள்ளி ராயப்பேட்டையில் சத்யம். 1974-ல் வேறு பெயரில் தொடங்கிய வளாகம், உள்ளே அரங்குகளைக் கூட்டி, பிரித்து, நாற்காலியை மாற்றி, பாப்கார்னில்கூடப் பெயர் வாங்கி, மால் காலத்தில் மாலையே முந்தியது. 2018-ல் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனாலும் படம் ஓடுகிறது.

இவற்றில் பழைய அரங்கம் அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. சத்யத்தில் 1974-ஐத் தேடினால் கிடைக்காது. கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இடித்துக்கொண்டுதான் அது தப்பித்தது. தேவிக்கும் சத்யத்துக்கும் இருந்த ஒரு வசதி சாந்திக்கோ கெயிட்டிக்கோ இல்லை. அவை பிறக்கும்போதே பல அரங்கு வளாகங்கள். ஒன்று காலியானால் இன்னொன்று வாடகை கட்டும். அந்த யோசனையை முதலில் கொண்டுவந்த சஃபையர் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் இதை விதி என்று தூக்கிப்பிடிக்க மாட்டேன்.

அசோக் நகர் உதயம்கூட அப்படிப் பல அரங்கு வளாகம்தான். 1983-ல் வந்தது. உதயம், சூரியன், சந்திரன் என்று பெயர், பின்னால் மினி உதயம். நடுத்தரக் குடும்பம் கட்டுப்படியாகிற விலையில் படம் பார்த்த கடைசி இடங்களில் ஒன்று. 2024-ல் மூடியது, கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதற்கு முன் 2020-ல் தண்டையார்பேட்டை அகஸ்தியா. இரண்டு முறையும் காட்சி ஒன்றே. கடைசி நாள்களில் கூட்டம், செல்பி, பழைய டிக்கெட்டைத் தேடிப் பிடித்துப் பதிவு போடுவது. அதற்கு முந்தைய ஆண்டு அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று உரிமையாளர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. மூட்டைப்பூச்சிக்கும் கக்கூஸ் நாற்றத்துக்கும் பயந்து மால் பக்கம் போனவர்கள் கண்ணீர் விடும்போது கொஞ்சம் அடக்கி விடலாம்.

கட்டடத்தைக் காப்பது பெரும்பாலும் நடக்காத காரியம், மனைக் கணக்கு விடாது. ஆனால் அதன் வடிவத்தை எழுதி வைப்பது நடக்கிற காரியம். சி ஃபார்ம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கட்டட வரைபடம் இணைக்க வேண்டும் என்பது விதி. இருக்கை வரிசை, வாசல்கள், கேபின் அளவு எல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் உரிமம் வாங்கிய ஒவ்வொரு தியேட்டருக்கும் அப்படி ஒரு கோப்பு ஏதாவது ஒரு கலெக்டர் அலுவலகத்திலோ கமிஷனர் அலுவலகத்திலோ உருவானது. காலம் கடந்த கோப்புகளைக் கழிப்பது அலுவலக வழக்கம் என்பதால், அவை கரையானுக்கோ கழிவுத்தாளுக்கோ போகுமுன் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்ய வேண்டும். உள்ளூர் கட்டடக்கலைக் கல்லூரிகள் இதை மாணவர்களுக்கு வேலையாகவே கொடுக்கலாம். மூடிய தியேட்டர் இன்னும் நிற்கிற ஊரில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி நேரே அளந்துவிடலாம். கூரையைப் பிரிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். கதவும் மரமும் இரும்பும் ஏலம் போன பிறகு, தரை எவ்வளவு சரிந்திருந்தது, பால்கனி எதில் தொங்கியது என்று அளக்க அங்கே எதுவும் இருக்காது. டிக்கெட் கவுண்டர் சந்தின் அளவையும் மறக்காமல் எடுக்கவும், வரைபடத்தில் அதை யாரும் சரியாகக் காட்டுவதில்லை.